புள்ளி விழுந்த திரைக்கும் முழு விலையா?

வலது ஓரத்தில், கீழிருந்து இரண்டு விரற்கடை மேலே, ஒரு பச்சைப் புள்ளி. வெள்ளைப் பின்னணியில் கண்ணுக்குத் தட்டுப்படாது. திரை கறுப்பானால் மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். முதலியார்பேட்டையில் என் அக்கா வீட்டில் அதைக் கண்டுபிடித்தவள் அக்கா மகள். பிளஸ் டூ படிக்கிறாள். நீட் பயிற்சி வீடியோக்களுக்காக மாதத் தவணையில் வாங்கிய டேப்லெட் அது. கரும்பலகைப் பின்னணியில் ஆசிரியர் எழுதிக் காட்டும் வீடியோக்கள் என்பதால், படிக்க உட்காரும் நேரம் முழுக்க அந்தப் புள்ளியும் அவளோடு உட்கார்ந்திருந்தது. தூசி என்று நினைத்துத் துப்பட்டா நுனியால் துடைத்திருக்கிறாள். போகவில்லை. அதன் பிறகு பாடத்துக்கு முன்னால் புள்ளிதான் கண்ணில் பட்டது.

கடைக்குப் போனோம். புதுச்சேரி நகருக்குள் பெயர் பெற்ற கடைதான். "ஒரே ஒரு பிக்ஸல்தான்க்கா. வீடியோ ஓடுறப்போ தெரியவே தெரியாது. எந்த பீஸ் எடுத்தாலும் ஏதாவது ஒண்ணு இருக்கும்க்கா" என்றார் விற்பனைப் பையன். மரியாதையாகத்தான் சொன்னார். அவருக்கு மேலே இருந்தவர் சர்வீஸ் சென்டரைக் கைகாட்டினார். சர்வீஸ் சென்டரில், ஒரு புள்ளிக்கெல்லாம் மாற்றித் தருவதில்லை என்று முடித்துவிட்டார்கள். திரும்பி வரும்போது மரப்பாலம் சிக்னலில் நின்றபடி அக்கா கேட்டாள்: "நாமதான் ரொம்பப் பாக்குறோமோ?"

காசு கொடுத்துப் பொருள் வாங்கியவர், பழுதைக் கண்ணால் பார்த்தவர், கடைசியில் தன் கண்ணையே சந்தேகிக்கிறார். டேப்லெட் வாங்கும் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. பழுது யாருடையது, அதைப் பழுது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று கேட்டுப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எத்தனை புள்ளி வரை தேர்ச்சி?

பத்து அங்குல டேப்லெட்டில் 1920-க்கு 1200 என்ற அளவுத் திரை சாதாரணமாகக் கிடைக்கிறது. பெருக்கினால் 23,04,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கண்ணறைகள். ஆக, 69 லட்சத்துக்கு மேல். ஒவ்வொன்றையும் திறந்து மூட ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர். அதில் ஒன்று மூடாமல் நின்றுவிட்டால், அக்கா மகள் பார்த்தது மாதிரி ஒரே நிறத்தில் எரியும் புள்ளி. புள்ளி மொத்தமாகத் திறக்க மறுத்தால் கறுப்புப் புள்ளி. அதைத்தான் டெட் பிக்ஸல் என்கிறார்கள்.

இத்தனை லட்சத்தில் ஒன்றுகூடத் தவறக் கூடாது என்றால் தொழிற்சாலை கழித்துப்போடும் தகடுகள் கூடும், விலையும் கூடும். இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதனால்தான் 2001-ல் ஐஎஸ்ஓ 13406-2 என்ற சர்வதேசத் தரம் திரைகளை நான்கு வகுப்பாகப் பிரித்தது. முதல் வகுப்பில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. இரண்டாம் வகுப்பில், பத்து லட்சம் புள்ளிக்கு எப்போதும் எரிவது இரண்டு, எப்போதும் இருண்டது இரண்டு, கண்ணறை அளவிலான குறை ஐந்து வரை அனுமதி. 2008-ல் இதன் இடத்தில் ஐஎஸ்ஓ 9241 வரிசைத் தரங்கள் வந்தன. பழைய கணக்கையே நம் பத்து அங்குலத் திரைக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ இருபது குறைகளோடு ஒரு திரை இரண்டாம் வகுப்பில் தேறிவிடும்.

தான் வாங்கும் திரை எந்த வகுப்பு என்று வாங்குகிறவருக்கு யார் சொல்கிறார்கள்? பெட்டி மேல் ரேம் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எத்தனை புள்ளி செத்திருந்தால் மாற்றித் தருவோம் என்ற வரியை நான் எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை. பின்பக்கம் இருக்கும் பிஐஎஸ் முத்திரையைப் பார்த்து அரசாங்கமே தரம் பார்த்து அனுப்பியது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 2012-ல் வந்த கட்டாயப் பதிவு உத்தரவின்படி டேப்லெட்டுக்குப் போடப்படும் முத்திரை அது. ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்பது மாதிரியான பாதுகாப்புச் சோதனைகள்தான் அதற்குள் வரும். படம் எப்படித் தெரிகிறது என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

முதலியார்பேட்டையில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது மில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ரோடியர் மில் என்று ஊர் சொன்ன ஏ.எஃப்.டி. 1898-ல் தொடங்கியது; 2020 ஏப்ரல் கடைசியில் நிரந்தரமாக மூடப்பட்டது. கடலூர் சாலையில் ரயில்வே கேட் பக்கம் போகிறவர்கள் இன்றும் அதன் மதிலைக் கடந்துதான் போகிறார்கள். இந்த ஊரில் பல குடும்பங்களில் தாத்தாவோ அப்பாவோ மில்லுக்குப் போனவர். துணி ஆலைகளில் நெய்த துணியை அப்படியே கட்டி அனுப்பிவிட மாட்டார்கள். வெளிச்சம் போட்ட மேசை மேல் ஓடவிட்டு, நூல் அறுந்த இடம், முடிச்சு விழுந்த இடம், கறை என்று ஒவ்வொன்றையும் குறித்து வைப்பார்கள். குறை அதிகமுள்ள துணி செகண்ட்ஸ் ஆகத் தனியே போகும், குறைந்த விலைக்குப் போகும். வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு முழம் துணிக்கு இருந்த இந்த நேர்மை, பல ஆயிரம் ரூபாய் டேப்லெட்டுக்கு ஏன் இல்லை? புள்ளி இல்லாத திரைக்கும் இருபது புள்ளி விழுந்த திரைக்கும் ஒரே பெட்டி, ஒரே விலை. எது யார் கைக்குப் போகிறது என்பது அதிர்ஷ்டம்.

திரையைத் திறந்தால்

புள்ளி ஒரு வகைப் பழுதுதான். நூறடிச் சாலையிலும் கடலூர் சாலையிலும் இருக்கும் சின்னச் சின்ன சர்வீஸ் கடைகளில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் மற்ற வகைகளும் தெரிந்துவிடும். டேப்லெட்டைச் சூடேற்றும் தட்டின் மேல் வைத்து, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் நுழைத்துச் சுற்றிவருவார்கள். கண்ணாடி மெல்ல எழும்பும். மேலே தொடுதிரைக் கண்ணாடி. அதன் கீழே எல்சிடி தகடு. அதற்கும் பின்னால் பால்நிறத்தில் இரண்டு மூன்று மெல்லிய தாள்கள். அதன் பின்னே தடித்த ஒளித்தகடு. ஒரே ஓரத்தில் வரிசையாகச் சின்ன எல்இடி விளக்குகள். திரை முழுக்க நாம் பார்க்கும் வெளிச்சம் அந்த ஒரு ஓரத்திலிருந்து கிளம்பி, ஒளித்தகட்டில் பரவி, தாள்களில் கலைந்து, எல்சிடி வழியாக வெளியே வருகிறது.

இது புரிந்தால் பாதிப் பழுது புரிந்துவிடும். சட்டகம் ஒரு மூலையில் இறுக்கமாக உட்கார்ந்தால் அங்கே வெளிச்சம் கசியும். இரவில் படம் பார்க்கும்போது மூலையில் வெள்ளையாகப் புகை படர்ந்ததுபோல் தெரியும். 2011-ல் இரண்டாவது ஐபேட் வந்தபோதே இந்த ஒளிக்கசிவு பற்றி உலகமெங்கும் வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். பால்நிறத் தாளில் அழுத்தம் விழுந்தால் திட்டாக ஒரு வெளிச்சம் தங்கிவிடும். விலை குறைந்த டேப்லெட்டுகளில் மேல்கண்ணாடியும் எல்சிடியும் ஒட்டப்படாமல் நடுவில் காற்று இடைவெளி இருக்கும். நம் கடலோர ஈரமும் தூசியும் அந்த இடைவெளிக்குள் போனால் துடைத்து எடுக்க வழியில்லை. ஆனால், டேப்லெட்டைச் சாய்த்தால் மூலையில் வெளிச்சம் கூடுவதும், நேராகப் பார்த்தால் குறைவதும் ஐபிஎஸ் திரைகளின் சுபாவம். அதைப் பழுது என்று சொல்லிச் சண்டை போட்டால் கடைக்காரர் பக்கம்தான் நியாயம்.

ஒன்றை மட்டும் யாரும் அலட்சியம் செய்துவிடக் கூடாது. திரையின் நடுவில் புதிதாக வெள்ளைத் திட்டு தோன்றி, கூடவே கண்ணாடி ஓரம் சற்றே தூக்கியிருந்தால், பிரச்சினை திரையில் இல்லை. உள்ளே பேட்டரி உப்பி, பின்னாலிருந்து திரையைத் தள்ளுகிறது. சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். கையால் அழுத்தி மூடப் பார்க்காதீர்கள்.

பழுதான திரையை மாற்றுவது என்றால் 'காம்போ' போட வேண்டும் என்பார்கள். தொடுதிரையும் எல்சிடியும் சேர்ந்த ஒரே பாகம். ஒரு புள்ளிக்காக முழுப் பாகத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது; செலவு டேப்லெட் விலையில் பாதியைத் தொடுவதும் உண்டு. வாரன்ட்டியில் மாற்றித் தரக் கம்பெனிகள் இவ்வளவு தயங்குவதற்கும் இதுதான் காரணம்.

ஆகாஷும் ஐபேட் மினியும்

விலை குறைந்த பொருள் என்றால் குறை இருக்கத்தான் செய்யும் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். இரண்டு உதாரணங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டார். உலகத்தின் மிக மலிவான டேப்லெட் என்று பேசப்பட்டது. டேட்டாவிண்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி ரேம். திரை ரெசிஸ்டிவ் வகை. அதாவது, விரல் பட்டால் போதாது. மேல் தாள் கீழ்த் தாளைத் தொடும் அளவுக்கு அழுத்த வேண்டும். அப்போதே போன்களில் விரல் பட்டதும் நகரும் கெப்பாசிட்டிவ் திரை வந்துவிட்டது. வகுப்பறைக்காகக் கொடுத்த கருவியில் ஒவ்வொரு தொடலுக்கும் போராட வேண்டியிருந்தது. வேகம், பேட்டரி பற்றியும் புகார். சோதனைப் பொறுப்பில் இருந்த ராஜஸ்தான் ஐஐடி-க்கும் நிறுவனத்துக்கும் தகராறு முற்றி, திட்டம் மும்பை ஐஐடி-க்கு மாறியது. 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட ஆகாஷ் 2-ல் கெப்பாசிட்டிவ் திரை இருந்தது, ஒரு கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் இருந்தது, ரேம் இரட்டிப்பாகியிருந்தது. மாணவர்கள் பொறுத்துப்போயிருந்தால் இது நடந்திருக்காது. மலிவு விலைப் பொருளிலும் புகார் சொன்னதால்தான் திரை மாறியது.

அடுத்தது விலை உயர்ந்த பக்கம். 2021 செப்டம்பரில் ஆறாவது ஐபேட் மினி வந்தது. இந்தியாவில் ஆரம்ப விலை 46,900 ரூபாய். வாங்கிய சில நாளிலேயே பலர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு எழுத்துகளை மேலே தள்ளினால், திரையின் ஒரு பாதி முன்னே போகிறது, மறு பாதி பின்தங்குகிறது. வரிகள் சாய்ந்து தள்ளாடுகின்றன. ஜெல்லி ஸ்க்ரோலிங் என்று பெயரே வந்துவிட்டது.

காரணம் இதுதான். எல்சிடி திரை ஒரு காட்சியை மொத்தமாக மாற்றுவதில்லை. ஒரு ஓரத்தில் தொடங்கி வரிவரியாக மறு ஓரம் வரை மாற்றிக்கொண்டு போகிறது. நொடிக்கு 60 முறை என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 17 மில்லிநொடி. அந்தச் சுற்று நாம் தள்ளும் திசையிலேயே நடந்தால் கண்ணுக்குத் தெரியாது. இந்த மாடலை நிமிர்த்திப் பிடிக்கும்போது அது பக்கவாட்டில் நடந்தது. அதனால் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நேர வித்தியாசம் தெரிந்தது. ஆப்பிள் நிறுவனத்திடம் கேட்டபோது, எல்சிடி திரைகளில் இது இயல்பான நடத்தை என்று பதில் வந்தது. 2022-ல் கலிஃபோர்னியாவில் வழக்கும் தொடுக்கப்பட்டது. 2024 அக்டோபரில் அடுத்த மினி வந்தபோது, குறைந்திருக்கிறது என்றார்கள் சிலர், அப்படியேதான் இருக்கிறது என்றார்கள் சிலர்.

இதில் வாங்கியவர்களின் நடத்தைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஒரு சாரார் முதல் நாளே திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு சாரார், தங்கள் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை என்றார்கள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். எல்லாக் கண்ணும் ஒன்றல்ல; தலைவலி வருகிறவருக்கு வரத்தான் செய்யும். ஒருவருக்குத் தெரியவில்லை என்பதால் தெரிகிறவரின் புகார் பொய்யாகிவிடாது. மூன்றாவதாக ஒரு சாரார் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது, ஆனால் கேட்கக் கூச்சம். நம் ஊரில் இவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். தவணை கட்டிக்கொண்டே பழுதோடு பழகிவிடுவார்கள்.

கூச்சம் விட்டுக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அது டேப்லெட் அல்ல, போன். ஓஎல்இடி திரைகளில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழும் பழுது இந்தியாவில் பெரிய புகாராக எழுந்தது. சாஃப்ட்வேர் அப்டேட் போட்டதும் கோடு விழுந்தது என்று ஆயிரக்கணக்கானோர் படம் எடுத்துப் போட்டார்கள். 2023-ல் ஒன்பிளஸ் நிறுவனம் இந்தியாவில் பாதிக்கப்பட்ட மாடல்களின் திரைக்கு வாழ்நாள் வாரன்ட்டி அறிவித்தது. 2024-ல் சாம்சங், சில பழைய உயர்விலை மாடல்களுக்கு ஒருமுறை இலவசமாகத் திரை மாற்றித் தந்தது. வாரன்ட்டி முடிந்த போன்களுக்கும் இது கிடைத்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சர்வீஸ் சென்டரில் நின்றபோது கிடைக்காதது, எல்லோரும் சேர்ந்து பேசியபோது கிடைத்தது.

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல. அதே 2024 ஏப்ரலில், தென்னிந்தியச் செல்போன் சில்லறை விற்பனையாளர் சங்கம், மே 1 முதல் ஒன்பிளஸ் பொருள்களை விற்க மாட்டோம் என்று கடிதம் எழுதியது. லாபம் குறைவு என்பதோடு, வாரன்ட்டி கோரிக்கைகளைத் தீர்க்கத் தாமதம் செய்கிறார்கள் என்பதும் அவர்களின் குறைகளில் ஒன்று. பழுதான பீஸை வாங்கிக்கொண்ட கடைக்காரருக்கு மேலிடம் பணம் தராவிட்டால் அவர் அடுத்தமுறை உங்களிடம் "இதெல்லாம் சகஜம்" என்றுதான் சொல்வார்.

சட்டம் யார் பக்கம்?

2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இந்த விஷயத்தில் தெளிவாகப் பேசுகிறது. தரத்தில் எந்தக் குறையும் குறைபாடுதான். சட்டம் கேட்கும் தரத்துக்கோ, ஒப்பந்தத்துக்கோ, விற்றவர் சொன்னதற்கோ பொருள் குறைவாக இருந்தாலே போதும். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாள். எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். பில் தராமல் இருப்பதும் இதே பட்டியலில் வருகிறது.

பில் விஷயத்தில் புதுச்சேரிக்குப் பழைய கதை ஒன்று உண்டு. வரி குறைவு என்பதால் கடலூர், விழுப்புரம் பக்கமிருந்து எலெக்ட்ரானிக் சாமான் வாங்க இங்கே வந்துபோவார்கள். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபின் அந்த வித்தியாசம் போய்விட்டது. டேப்லெட்டுக்கு எந்த ஊரிலும் 18 சதவிகிதம்தான். இருந்தும் பில் இல்லாமல் நூறு இருநூறு குறைத்து வாங்கும் ஆசை இன்னும் விடவில்லை. அந்த இருநூறு ரூபாயோடு மேலே சொன்ன உரிமைகளை நிலைநாட்டும் சான்றும் போய்விடுகிறது.

ஆன்லைனில் வாங்கினாலும் 2020-ன் மின்வணிக விதிகள் உண்டு. புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கம்பெனி பெங்களூருவிலோ குருகிராமிலோ இருந்தாலும், முதலியார்பேட்டையில் வசிப்பவர் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருள் வாங்கக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

எங்கள் வீட்டில் வழக்கு வரை போகவில்லை. மாற்றித் தர முடியாது என்பதைக் காரணத்தோடு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டோம். எழுத்தில் என்றதும் தொனி மாறியது. மேலாளர் வந்தார், தேதி பார்த்தார், வேறு பீஸ் எடுத்து வைத்தார்கள். அதை அங்கேயே திறந்து, வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து நிறத்தையும் முழுத் திரையில் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் அக்கா கையில் வாங்கினாள்.

கடைக்குப் போய்க் கேட்க முடிகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள். இலவசமாகக் கருவி பெறும் மாணவருக்குக் கடையே இல்லை. தமிழ்நாடு அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது மடிக்கணினி தருவதாக அறிவித்தது. எந்த மாநிலம் கொடுத்தாலும், டெண்டரில் ரேமும் பேட்டரியும் எழுதுகிற அதே பக்கத்தில், எத்தனை புள்ளி செத்திருந்தால் திரை மாற்றப்படும் என்ற வரியும் இருக்க வேண்டும். கம்பெனிகள் அதே வரியைப் பெட்டி மேல் அச்சிட வேண்டும். அந்தக் கணக்கைத் தாண்டிய திரையை விற்கத்தான் வேண்டும் என்றால், குறை உள்ளது என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்கட்டும். மனமறிந்து வாங்குகிறவர்கள் இருப்பார்கள்.

அது நடக்கும்வரை, வாங்கப் போகிறவர்களுக்கு: பணம் கட்டும் முன் பெட்டியைக் கடையிலேயே பிரியுங்கள். ஐந்து நிறத்தையும் ஓடவிட்டுப் பாருங்கள். கறுப்புத் திரையின்போது கையால் வெளிச்சத்தை மறைத்து நான்கு மூலையையும் பாருங்கள். ஆன்லைனில் வந்தால் பிரிப்பதை வீடியோ எடுங்கள், முதல் நாளே சோதித்துவிடுங்கள். மாற்ற மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.